ஆறுமணிக்குருவி: மொட்டை மாடியில் வந்து விழும் ஒன்பது நிறப் பறவை... அடையாளம் காண்பது எப்படி? காப்பாற்றுவது எப்படி?

செப்டம்பர் கடைசி, அக்டோபர் மாதங்களில் சென்னையில் சில வீடுகளுக்கு அழைக்காமலே ஒரு விருந்தாளி வரும். விடிந்ததும் மொட்டை மாடிக் கதவைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருக்கும். மாடிப்படிக்குக் கீழே, பைக் நிறுத்தும் இடத்தில், குடோன் மூலையில் என எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். பச்சை முதுகு, சிவப்பு வயிறு, நீல இறக்கை, கண்ணில் பட்டையாக மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. பக்கத்தில் போனாலும் பறக்காது.

பார்த்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "யாரோ வளர்த்த ஃபாரின் பறவை, கூண்டிலிருந்து தப்பிச்சு வந்திருக்கு."

இல்லை. இது நம்ம நாட்டுக் காட்டுப் பறவை. பெயர் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்றும் தமிழில் சொல்வார்கள். இது நோய்வாய்ப்பட்ட பறவையும் அல்ல, வழி தெரியாமல் தொலைந்துபோனதும் அல்ல. இரவெல்லாம் பறந்து களைத்துப்போய் இறங்கிய பயணி. அது பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அடுத்த ஒரு மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• ஆறுமணிக்குருவி வளர்ப்புப் பறவை அல்ல. கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம்.
• தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள்.
• துளை போட்ட அட்டைப் பெட்டி, இருட்டு, அமைதி. இதுதான் முதலுதவி.
• பூனை கடித்திருந்தாலோ, இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.
• வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்ல வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக விரிவாகப் பார்ப்போம்.

காட்டுப் பறவைக்கு ராயபுரத்தில் என்ன வேலை?

ஆறுமணிக்குருவி இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளேயே வலசை போகும் பறவை. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா, மேற்கு இந்தியக் காடுகளில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். மழை முடிந்ததும் தெற்கே கிளம்பிவிடும். தமிழ்நாடு, கேரளம், இலங்கை வரை வந்து குளிர்காலத்தைக் கழிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மறுபடியும் வடக்கே திரும்பும்.

இமயமலை அடிவாரத்தில் இருந்து சென்னைக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 2,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடப்பது ஒரு கோழிமுட்டை எடையுள்ள உயிர். ஆமாம், இதன் எடை சுமார் 47 முதல் 66 கிராம் வரைதான். பகலில் தரையில் நடந்து இரை தேடும் இந்தப் பறவை, நெடும்பயணத்தை மட்டும் இரவில் வைத்துக்கொள்கிறது.

இரவில் பறக்கும் பறவை விடியும்போது இறங்கியாக வேண்டும். கீழே காடு இருந்தால் பிரச்சினை இல்லை. கிண்டி தேசியப் பூங்கா, ஐஐடி வளாகம், அடையாறு தியசாபிகல் சொசைட்டி தோட்டம் போன்ற இடங்களில் இறங்கினால் புதருக்குள் புகுந்துவிடும், யார் கண்ணிலும் படாது. தென்சென்னையில் பறவை பார்ப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இதைத் தேடிப் போவது இந்த இடங்களுக்குத்தான்.

வடசென்னை அப்படி அல்ல. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். நடுவில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என வீடுகளும் குடோன்களும் கன்டெய்னர் யார்டுகளும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு நீளமான பட்டை. இங்கே இறங்கும் பறவைக்குக் கிடைப்பது சிமென்ட் தரையும் தகரக் கூரையும்தான். மறைய இடம் இல்லை. விடிந்ததும் காக்கைகள் பார்த்துவிடும், துரத்தும். துரத்தல் தாங்காமல் திறந்திருக்கும் ஜன்னலுக்குள்ளோ படிக்கட்டுக்குக் கீழேயோ புகுந்துவிடும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். மழைக்காற்றில் சிக்கினால் களைப்பு இரண்டு மடங்கு. வீட்டுக்குள் இந்தப் பறவை கிடைப்பது இந்தக் காலத்தில்தான் அதிகம்.

பார்த்ததும் கண்டுபிடிப்பது எப்படி?

இந்தியில் இதன் பெயர் 'நவ்ரங்'. ஒன்பது நிறம் என்று அர்த்தம். நிறங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். தலையில் இருந்து வால் வரை வரிசையாகப் பார்த்தால் போதும்.

அளவு: சுமார் 18 முதல் 19 செ.மீ. மைனாவை விடச் சிறியது. உருண்டையான உடம்பு.

தலை: வெளிர் பழுப்பு. உச்சியின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. கண்ணைச் சுற்றி அலகில் இருந்து பிடரி வரை அகலமான கறுப்புப் பட்டை.

தொண்டை: வெள்ளை.

முதுகு: பச்சை.

இறக்கை: தோள் பக்கத்தில் பளபளக்கும் வான்நீலத் திட்டு. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும்.

மார்பு: மங்கலான மஞ்சள் கலந்த பழுப்பு.

அடிவயிறு: குங்குமச் சிவப்பு. வாலுக்கு அடியிலும் அதே சிவப்பு.

வால்: இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குட்டை.

கால்: உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீளம், உறுதியானது. தரையில் நடந்தும் தத்தியும் வாழும் பறவை என்பதற்கு இதுதான் அடையாளம்.

ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் இளம்பறவையாக இருக்கலாம்.

நடத்தையும் கைகொடுக்கும். இது மரத்தில் தாவித் திரியாது. நிழலில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே நடந்து, அலகால் சருகைப் புரட்டி, புழு, பூச்சி, மண்புழுக்களைத் தின்னும். குட்டை வாலை மேலும் கீழும் மெதுவாக ஆட்டும். ஏதாவது சத்தம் கேட்டால் மட்டும் தாழ்வான கிளைக்குப் பறந்து ஏறும். இரவில் மரத்தில் அடையும்.

எதோடு குழப்பிக்கொள்கிறோம்?

மீன்கொத்தி: வடசென்னைக்காரர்களுக்கு நன்றாகப் பழக்கமான பறவை. கால்வாய் ஓரக் கம்பியில் உட்கார்ந்திருக்கும். வெண்மார்பு மீன்கொத்திக்குத் தலையும் வயிறும் காப்பிக்கொட்டை நிறம், அலகு நீளமாகச் சிவப்பாக இருக்கும். சிறு மீன்கொத்திக்கு வயிறு ஆரஞ்சு, கால்கள் மிகக் குட்டை. ஆறுமணிக்குருவிக்கு அலகு குட்டை, கால் நீளம். அலகையும் காலையும் பார்த்தாலே போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

செந்தலைப் பூங்குருவி: இதுவும் தரையில் சருகைக் கிளறும் பறவைதான். ஆனால் தலையும் வயிறும் முழுக்க ஆரஞ்சு, முதுகு நீலச் சாம்பல், வால் நீளமானது.

பனங்காடை: நீல இறக்கை உண்டு. ஆனால் உருவத்தில் புறா அளவு. கண்ணில் கறுப்புப் பட்டை கிடையாது.

கிளி வகைகள்: வளைந்த கொக்கி அலகு இருந்தால் கிளி. ஆறுமணிக்குருவியின் அலகு நேராக இருக்கும்.

'ஆறு மணி' என்ற பெயர் எப்படி வந்தது?

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. விடியும் நேரத்திலும் இருட்டும் நேரத்திலும் இரண்டு சுருதியில் ஒரு தெளிவான விசில் அடிக்கும். தலையைப் பின்னால் சாய்த்து, அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கி அடிக்கும் விசில் அது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் அதுவும் பதில் கொடுக்கும். ஏறக்குறைய ஆறு மணிக்குக் கேட்பதால் ஆறுமணிக்குருவி. கடிகாரம் பார்க்கிற காலத்துப் பெயர்தான், ஆனால் பறவையைக் கண்ணால் பார்க்காமலே அதன் பழக்கத்தைக் காதால் கண்டுபிடித்த பெயர். மேகமூட்டமான நாளில் பகலிலும் சில சமயம் கூப்பிடும்.

இலங்கையில் சிங்கள மொழியில் 'அவிச்சியா' என்கிறார்கள். அதுவும் அந்தக் குரலைக் கேட்டு வைத்த பெயர்தான்.

உலகப் பெயருக்கும் மெட்ராஸுக்கும் என்ன தொடர்பு?

உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இந்தப் பறவைக் குடும்பத்தை 'பிட்டா' என்று அழைக்கிறார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என மூன்று கண்டங்களில் இந்தக் குடும்பம் பரவியிருக்கிறது. அந்தச் சொல் லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. தெலுங்கு! தெலுங்கில் 'பிட்ட' என்றால் சின்னப் பறவை. வடசென்னையில் தெலுங்கு பேசும் வீட்டில் கேட்டுப் பாருங்கள், சட்டென்று சொல்வார்கள்.

இந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போன வழியில் புனித ஜார்ஜ் கோட்டை நிற்கிறது. கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி, கோட்டையைச் சுற்றியிருந்த பறவைகளை வரையச் செய்து லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். ஜான் ரே எழுதி 1713-ல் வெளியான பறவை நூலின் பின்னிணைப்பாக அவை அச்சாயின. அதில் இந்தப் பறவைக்குத் தெலுங்குப் பெயரான 'பொன்னங்கி பிட்ட' என்பதும், 'மெட்ராஸ் ஜே' என்ற ஆங்கிலப் பெயரும் கொடுக்கப்பட்டிருந்தன. 1766-ல் கார்ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இன்று அது 'பிட்டா பிராக்கியூரா'. பிராக்கியூரா என்றால் குட்டை வால்.

அதாவது, இதை 'ஃபாரின் பறவை' என்று சொல்வது சரித்திரப்படியும் தப்பு. 300 வருடங்களுக்கு முன்பே மெட்ராஸ் என்ற பெயரோடு உலகத்துக்கு அறிமுகமான பறவை இது.

கையில் கிடைத்தால்: முதல் ஒரு மணி நேரம்

படி 1: முதலில் சுற்றிலும் பாருங்கள். பறவை புதர் ஓரமாக, பாதுகாப்பாக உட்கார்ந்து ஓய்வெடுக்கிறது என்றால் தொட வேண்டாம். பூனை, நாய், காக்கையை மட்டும் அண்டவிடாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டால் போதும். தெருவில், மாடியில், மூடிய அறையில் சிக்கியிருந்தால் மட்டும் எடுங்கள்.

படி 2: ஒரு அட்டைப் பெட்டி எடுங்கள். செருப்பு வாங்கிய பெட்டி போதும். மூடியில் பேனாவால் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். அடியில் பழைய பருத்தித் துணி விரியுங்கள். நூல் பிரிந்த டவல் வேண்டாம், விரல் நகம் சிக்கிக்கொள்ளும்.

படி 3: மெல்லிய துணியைப் பறவையின் மேல் போட்டு, இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து மெதுவாக எடுங்கள். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பறவை மூச்சு விடுவதற்கு நெஞ்சுக்கூடு விரிய வேண்டும். இறுக்கினால் மூச்சு நின்றுவிடும்.

படி 4: பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். ஃபேன், ஏசி, டிவி, குழந்தைகள் இல்லாத அறையில் வையுங்கள். இருட்டு பறவைக்குப் பயத்தைக் குறைக்கும். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

படி 5: இதற்கிடையே வனத்துறைக்கோ விலங்குநல அமைப்புக்கோ போன் செய்யுங்கள். சென்னையில் வன உயிரினங்களை மீட்கும் பணியைக் கிண்டியை மையமாகக் கொண்ட வனத்துறைப் பிரிவு கவனிக்கிறது. காயம் இருந்தால் வடசென்னையில் இருப்பவர்களுக்குப் பக்கம் வேப்பேரி. அங்கே சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

படி 6: காயம் எதுவும் இல்லை, பெட்டிக்குள் சுறுசுறுப்பாக அசையும் சத்தம் கேட்கிறது, வனத்துறையும் விடச் சொல்கிறது என்றால், அருகிலேயே மரமும் புதரும் உள்ள நிழலான இடத்துக்குக் கொண்டுபோங்கள். காக்கைக் கூட்டம் இருக்கும் இடம் வேண்டாம். காக்கைகள் அடங்கும் மாலை நேரம் நல்லது. இரவில் கிடைத்த பறவை என்றால் நன்றாக விடியும் முன்பே விடலாம். பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். தானே போகும்.

செய்யவே கூடாதவை

வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. "பாவம், தாகமா இருக்கும்" என்று நினைத்து அலகைப் பிரித்து ஊற்றுவார்கள். பறவையின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். நல்ல மனதோடு செய்யும் இந்த ஒரு வேலை பறவையின் உயிரையே எடுத்துவிடும்.

சோறு, பிஸ்கட், பால் கொடுக்கக் கூடாது. இது புழு பூச்சி தின்னும் பறவை. அதிர்ச்சியில் இருக்கும்போது எதையும் ஊட்டத் தேவையில்லை.

மேலே தூக்கி எறிந்து பறக்கவிடக் கூடாது. களைத்த பறவை கீழே விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும்.

கம்பிக் கூண்டில் அடைக்கக் கூடாது. வெளிச்சத்தில் மிரண்டு கம்பியில் மோதி அலகும் நெற்றியும் கிழியும்.

கையில் வைத்து ரீல்ஸ் எடுக்கக் கூடாது. அசையாமல் இருப்பது பழகிவிட்டதால் அல்ல, பயத்தில் உறைந்துபோனதால். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அடையாளம் காண உதவும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூனை வாயில் இருந்து மீட்ட பறவையை "காயமே இல்லையே" என்று விட்டுவிடக் கூடாது. பூனையின் எச்சிலில் உள்ள பாக்டீரியா சின்னப் பல் குறி வழியாகவே போய் ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். மருந்து கட்டாயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் ஆறுமணிக்குருவி பாதுகாக்கப்பட்ட பறவை. பிடிப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம். 2022-ல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்பு அபராத வரம்பு 25,000 ரூபாயாக இருந்தது.

"அப்போ காப்பாற்ற எடுத்தாலே கேஸா?" என்று பயப்பட வேண்டாம். சட்டத்தின் 39-வது பிரிவு ஒரு வழி சொல்கிறது. வன உயிரினம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். அதனால் "ரெண்டு வாரம் வெச்சுத் தேத்தி விடலாம்" என்ற யோசனையே வேண்டாம்.

வெளிச்சம் எப்படி எமனாகிறது?

இரவில் வலசை போகும் பறவைகளை நகரத்து வெளிச்சம் குழப்பி, தன் பக்கம் இழுக்கிறது. இது உலகம் முழுக்க நிரூபிக்கப்பட்ட விஷயம். வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து களைத்துப்போகும், அல்லது கண்ணாடியில் மோதும். கண்ணாடி என்ற ஒன்று பறவைக்குத் தெரியாது. அதில் தெரியும் வானத்தையும் மரத்தையும் நிஜம் என்று நம்பிப் போய் மோதும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டுக் கட்டடத்தில் 2023 அக்டோபர் தொடக்கத்தில் ஒரே இரவில் ஏறக்குறைய 1,000 பறவைகள் மோதிச் செத்தன. அதே கட்டடத்தில் பல ஆண்டுகள் சேகரித்த கணக்கை வைத்து 2021-ல் வெளியான ஆய்வு, வெளிச்சம் தெரியும் ஜன்னல்களைப் பாதியாகக் குறைத்தாலே மோதல் சுமார் 60 சதவீதம் குறையும் என்று சொன்னது. அந்தப் பேரிழப்புக்குப் பிறகு 2024-ல் கண்ணாடிகளில் சிறு புள்ளிகள் கொண்ட ஃபிலிம் ஒட்டினார்கள். மோதல் பெருமளவு குறைந்தது. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக வானத்துக்கு அடிக்கும் ஒளித்தூண்களில் பறவைகள் அதிகமாகச் சிக்கிச் சுற்றினால் சுமார் 20 நிமிடம் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பறவைகள் கலைந்து தம் வழியில் போய்விடும்.

இனி நம்ம பக்கம் பார்ப்போம். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையங்கள். ராத்திரி முழுக்க வேலை நடக்கும் இடங்கள். தொழிலாளர் பாதுகாப்புக்கு வெளிச்சம் வேண்டும், அதில் சமரசம் கிடையாது. ஆனால் வானத்தைப் பார்த்து அடிக்கும் விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்பலாம், மேல்பக்கம் மூடி போடலாம். ஆள் இல்லாத யார்டுகளில், அலுவலக மாடிகளில் செப்டம்பர் கடைசியில் இருந்து நவம்பர் வரை தேவையில்லாத விளக்குகளை அணைக்கலாம். பங்குனி ஆமைகளுக்காகக் கடற்கரை விளக்குகளை இரவில் அணைக்கும் ஏற்பாடு சென்னைக்குப் பழக்கமானதுதான். ஆமைக்கு முடிந்தது குருவிக்கும் முடியும்.

வீட்டில் செய்யக்கூடியது இன்னும் சுலபம். மொட்டை மாடி விளக்கை ராத்திரி அணைத்துவிடுங்கள். பெரிய கண்ணாடி ஜன்னலில் வெளிப்பக்கமாக 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அல்லது கொசுவலை அடியுங்கள். மரத்தில் தொங்கும் மாஞ்சா நூலைப் பார்த்தால் அறுத்து எடுத்துக் குப்பையில் போடுங்கள். மாஞ்சா நூல் மனிதக் கழுத்தை அறுக்கும் என்பது நமக்குத் தெரியும். பறவை இறக்கைக்கு அது இன்னும் மோசம்.

குப்பையா, சாப்பாட்டுத் தட்டா?

வடசென்னையில் பறவை பற்றிய செய்தி என்றாலே நினைவுக்கு வருவது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது, கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசி நின்றன. நீர்ப்பறவைகளுக்குக் கழிமுகம் எவ்வளவு முக்கியம் என்று அப்போது எல்லோரும் பேசினோம். காட்டுப் பறவைக்கு அப்படி முக்கியமானது எது? மரத்தடியில் கிடக்கும் சருகு.

ஆறுமணிக்குருவிக்குப் பழ மரமோ பூச்செடியோ தேவையில்லை. நிழல், புதர், ஈரமான இலைச்சருகு, அதற்குள் புழு பூச்சி. நாம் பெருக்கிக் குவித்துக் கொளுத்துவது அதன் சாப்பாட்டுத் தட்டைத்தான்.

சோழமண்டலக் கடற்கரை முழுக்க ஒரு காலத்தில் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு இருந்தது. குட்டையான, அடர்த்தியான, முள்ளும் புதரும் நிறைந்த காடு. இன்று அதன் மிச்சங்கள் நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, தெற்கே கிண்டி, கோடியக்கரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் காடுகள் எனத் துண்டு துண்டாக நிற்கின்றன. ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் கிண்டிக்கும் நடுவில்தான் எண்ணூரும் திருவொற்றியூரும் இருக்கின்றன.

அந்தக் காட்டின் ஒரு மரம் இன்றும் இங்கே மரியாதையோடு வாழ்கிறது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தல விருட்சமான மகிழ மரம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மரம் என்று ஊரே கதை சொல்லும். மகிழம், களா, காரை, புங்கை போன்ற இந்த மண்ணின் மரங்களையும் புதர்களையும் கோயில், பள்ளி, மருத்துவமனை, ரயில்வே குடியிருப்பு, தொழிற்சாலை மதில் ஓரங்களில் நெருக்கமாக வளர்த்து, அடியில் சருகை மட்டும் பெருக்காமல் விட்டால் போதும். பெரிய காடு தேவையில்லை. களைத்த பறவை ஒரு பகல் ஒளிந்திருந்து, வயிறு நிரம்பி, இரவில் மறுபடி கிளம்ப ஒரு சிறிய திட்டு உதவும். அங்கே பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பதும், வலசைக் காலத்தில் வீட்டுப் பூனையை விடிகாலையில் வெளியே விடாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

அழியும் பறவையா இது?

இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஆறுமணிக்குருவி 'தீவாய்ப்புக் கவலை குறைந்த' வகையில் இருக்கிறது. அது வாழும் பரப்பு பெரியது.

அதற்காகக் கவலையே வேண்டாமா? இதே குடும்பத்தைச் சேர்ந்த கர்னி பிட்டாவின் கதையைக் கேளுங்கள். தாய்லாந்து, மியான்மர் நாடுகளின் தாழ்நிலக் காட்டுப் பறவை அது. காடுகள் ரப்பர், எண்ணெய்ப் பனைத் தோட்டங்களாக மாறின. பறவை அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த நேரத்தில் 1986-ல் தாய்லாந்தில் மீண்டும் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகும் காடு சுருங்குவது நிற்கவில்லை. இன்று அது உலகின் மிக ஆபத்தான நிலையில் உள்ள பறவைகளில் ஒன்று. ஒரு பறவை எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும்போதே காப்பது சுலபம். குறைந்த பிறகு காப்பது பெரும்பாடு.

வலசைப் பறவைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கூடு கட்டும் காடு, குளிர்காலம் கழிக்கும் காடு, நடுவில் இறங்கும் இடம். மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டால் காப்பாற்ற முடியாது.

பார்த்ததை யாரிடம் சொல்வது?

2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 வகைப் பறவைகளை மதிப்பிட்டது. அதில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த சுமார் 3 கோடிக் குறிப்புகள். அதாவது நம்மைப் போன்றவர்கள் போனில் பதிந்த தகவல்தான்.

நீங்களும் சேரலாம். இ-பேர்ட் என்ற இலவச செயலியில் தேதி, இடம், எண்ணிக்கை போட்டால் போதும். அடையாளத்தில் சந்தேகம் என்றால் மெர்லின் செயலியில் போட்டோவைக் கொடுத்துப் பாருங்கள். ஜனவரியில் பொங்கலை ஒட்டிய 4 நாட்கள் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிடம் மாடியில் நின்று எண்ணினாலும் கணக்குதான். தென்சென்னையில் இருந்து குவியும் அளவுக்கு ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூரில் இருந்தும் பதிவுகள் வந்தால்தான் எங்கே மரம் நட வேண்டும், எங்கே விளக்கைத் திருப்ப வேண்டும் என்று கேட்க ஆதாரம் கிடைக்கும். செத்துக் கிடந்த பறவை என்றாலும் பதியுங்கள். அது எந்தக் கட்டடத்துக்குக் கீழே கிடந்தது என்பதும் முக்கியமான தகவல்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் தொட்டால் மற்ற பறவைகள் சேர்க்காது என்கிறார்களே?
உண்மை இல்லை. ஆனால் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அது நமக்காக.

வீட்டுக்குள் வந்தால் அபசகுனமா?
இல்லை. களைப்புதான் காரணம். விளக்கை அணைத்து, ஒரு ஜன்னலை மட்டும் முழுதாகத் திறந்து வைத்து, அறையை விட்டு வெளியே வாருங்கள். தெம்பு இருந்தால் தானே போய்விடும்.

ஒரே நாளில் இரண்டு மூன்று கிடைத்தால்?
ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெட்டி. உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கோடைக்காலத்திலும் கிடைக்குமா?
வடக்கே திரும்பும் ஏப்ரல், மே மாதங்களிலும் வாய்ப்பு உண்டு. முதலுதவி அதேதான்.

அடுத்த முறை மாடியில் பச்சையும் சிவப்புமாக ஒரு சின்னப் பறவை பறக்காமல் உட்கார்ந்திருந்தால், செருப்புப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். துளை போடுங்கள், மூடுங்கள், போன் செய்யுங்கள். இந்தத் தகவலை உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் பகிர்ந்துவிடுங்கள். யார் வீட்டு மாடியில் இறங்கும் என்று குருவிக்கே தெரியாது.